பெரம்பூர்ப் பெட்டி காங்கேசன்துறை போன கதை

பெரம்பூர் ஐ.சி.எஃப். மதிலுக்குள் பிறக்கும் ரயில் பெட்டிகளில் பெரும்பாலானவை கடல் தாண்டுவதில்லை. ஹவுராவுக்கோ தில்லிக்கோ நாகர்கோவிலுக்கோ ஒதுக்கப்பட்டு, இருபத்தைந்து ஆண்டு உழைத்து, கடைசியில் பழைய இரும்பாக எடைக்குப் போய்விடும். சிலவற்றுக்கு மட்டும் கப்பல் யோகம் வாய்க்கும். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை அது. சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் தொழில் கற்றுக்கொண்டு, 1970களின் தொடக்கத்திலேயே தைவானுக்குப் பெட்டி செய்து அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. பிறகு ஆப்பிரிக்க நாடுகள், வியட்நாம், வங்கதேசம் என்று பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலில் நமக்கு மிக அருகில் இருப்பது இலங்கை. 2018இல் பெரம்பூரில் உருவாகி, கொழும்பில் கரையிறங்கி, யாழ்ப்பாணத்தைத் தாண்டிக் காங்கேசன்துறை வரைக்கும் போன ஒரு பெட்டியின் பயணத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

புதுச்சேரி கதிர்காமத்துக்காரனுக்கு இலங்கைப் பெட்டி மேல் என்ன இத்தனை அக்கறை என்று கேட்டால், காரணம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இது ஒரு தொகுதிப் பெயர், பேருந்து நிறுத்தத்தின் பெயர். ஆனால் பெயரின் மூலவர் இருப்பது இலங்கையின் தென்கிழக்கு மூலையில், மாணிக்க கங்கைக் கரையில். இந்தக் கதிர்காமத்திலிருந்து அந்தக் கதிர்காமத்துக்குப் போக எத்தனை வண்டி மாற வேண்டும் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. அதைத் துருவப்போய்த்தான் இந்தப் பெட்டி அகப்பட்டது.

முதலில் ஷெல். அடிச்சட்டம், பக்கச்சுவர்கள், கூரை ஆகியவை தனித்தனியாக வெல்டிங் ஆகி, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் அதைப் பெட்டி என்று சொல்ல முடியும். அப்போது அது ஜன்னல் கண்ணாடிகூட இல்லாத வெறும் இரும்புக்கூடு. ஃபர்னிஷிங் பிரிவுக்குப் போனால்தான் ஒயரிங், தரை, இருக்கை, விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் ஏறும். கீழே சக்கரங்களோடு போகி வந்து சேரும். நான் சொல்லும் பெட்டி தனியாக இழுத்துச் செல்லப்படும் ரகமல்ல. டீசல் என்ஜினைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் டெமு தொடர் ஒன்றின் உறுப்பு. தொடருக்குப் பதின்மூன்று பெட்டிகள். இலங்கை ரயில்வே இந்த வகைக்கு எஸ் 13 என்று பெயர் கொடுத்தது.

இந்தப் பெட்டிக்காகத் தனி அகலத்தில் சக்கரம் வார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்தியாவின் அகல ரயில் பாதை ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். இலங்கையிலும் அதேதான். 1860களில் கொழும்பிலிருந்து முதல் பாதை போட்ட ஆங்கிலேயர், இந்தியாவில் 1853இல் பிடித்த அளவையே அங்கும் பிடித்தார்கள். இரண்டு சுதந்திர நாடுகளின் அதிகாரிகள் எந்த மேசையிலும் உட்கார்ந்து பேசாமலே கிடைத்துவிட்ட ஒற்றுமை இது. இன்றைக்கு அண்டை நாடுகள் பலவற்றுக்கு இடையே பாதை அகலம் பொருந்தாமல் எல்லையில் சரக்கை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இது சின்ன அதிர்ஷ்டமல்ல.

ஆனால் இந்த அதிர்ஷ்டம் ஒருமுறை வீணாகப் போயிருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் விட்டார்கள். எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், மறுபடி ரயிலேறிக் கொழும்புக் கோட்டை. எங்களூர்க்காரர்கள் விழுப்புரத்தில் அந்த வண்டியைப் பிடிக்கலாம். புதுச்சேரி–விழுப்புரம் பாதை அதற்கும் முன்பே, 1879இல், பிரெஞ்சு மண்ணையும் பிரிட்டிஷ் மண்ணையும் இணைத்துப் போடப்பட்டிருந்தது. இரண்டு அரசுகள் கூடித் தண்டவாளம் போடுவது என்பது புதுச்சேரிக்குப் பழைய அனுபவம். ஆனால் போட் மெயில் காலத்தில் சென்னை–தனுஷ்கோடி மீட்டர் பாதை, தலைமன்னார்–கொழும்பு அகலப் பாதை. அன்றைக்குக் கப்பல் ஒழுங்காக ஓடியது, ஆனால் ஒரு கரையின் பெட்டி மறு கரையில் நிற்க முடியாது. ராமேஸ்வரம் வரை இந்தியப் பாதை அகலமானது 2007இல். இப்போது பெட்டி இரு கரையிலும் நிற்கும். நடுவில் கப்பலைத்தான் காணோம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலை எண்பதுகளில் போர் நிறுத்திவிட்டது.

நம் பெட்டியின் விலையை யார் கொடுத்தது? இலங்கை அரசு கையிலிருந்து எடுத்துக் கொடுத்த ரொக்கமல்ல அது. இந்திய எக்ஸிம் வங்கி இலங்கைக்குத் திறந்த 31.8 கோடி டாலர் கடன் வரியிலிருந்து வந்தது. கடன் வரி என்பது பணத்தை மூட்டையாகக் கொடுத்து அனுப்புவதல்ல. பொருளில் பெரும்பகுதி, பொதுவாக நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு, இந்தியாவில்தான் வாங்க வேண்டும் என்பது விதி. மளிகைக் கடைக்காரர் கடன் கொடுக்கிறார், ஆனால் அந்தக் கடனுக்குத் தன் கடையிலேயே சாமான் வாங்கச் சொல்கிறார். இந்திய ரயில்வேயின் நிறுவனமான ரைட்ஸ் ஒப்பந்தம் எடுத்தது, ஐ.சி.எஃப். செய்துகொடுத்தது. கொழும்பு பட்ட கடன் பெரம்பூரில் சம்பளமாக இறங்கியது. இதில் சூது இருப்பதாக நான் நினைக்கவில்லை. சீனாவும் ஜப்பானும் இப்படித்தான் கொடுக்கின்றன. ஆனால் இதை வெறும் உதவி என்று மேடையில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

சென்னைத் துறைமுகத்தில் பெட்டி கப்பல் ஏறியது. கொழும்புக்குக் குறுக்கு வழி கிடையாது. பாக் நீரிணை ஆழமில்லாதது. பெரிய கப்பல் அதில் நுழைய முடியாது. சென்னையிலிருந்து கொழும்பு போகிற கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, திருகோணமலையையும் மட்டக்களப்பையும் கடந்து, தீவின் தென்முனையைச் சுற்றி மேற்கே ஏற வேண்டும். ஆகவே நாகப்பட்டினத்திலிருந்து நேராகப் போனால் 60 கடல் மைல் தூரத்தில் இருக்கும் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர வேண்டிய பெட்டி, கதிர்காமம் இருக்கிற கரை வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு கொழும்பில் இறங்கி, அங்கிருந்து நானூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம் வடக்கே தண்டவாளத்தில் ஏறிவந்தது. வேறு வழியில்லை. இத்தனை எடையைக் கப்பலிலிருந்து தூக்கி இறக்கும் கிரேனும், அதை நேராக ரயில் பாதைக்கு அனுப்பும் வசதியும் கொழும்பில்தான் உண்டு.

கொழும்புத் துறைமுகம் வாழ்வதே பெருமளவு இந்தியாவை நம்பித்தான். அங்கே இறங்கிக் கப்பல் மாறும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவிலிருந்து போவதும். 2025 ஏப்ரலில் அங்கே இயங்கத் தொடங்கிய மேற்கு முனையத்தில் அதானி நிறுவனத்துக்கு 51 விழுக்காடு பங்கு. ரயிலில் கடன் கொடுத்தவராக இருக்கும் இந்தியா, துறைமுகத்தில் வாடிக்கையாளர், பங்காளி எல்லாமே. இந்த உறவில் யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

பெட்டி கொழும்பில் இறங்கியது 2018ஆம் ஆண்டு முடியும் தறுவாயில். 2019 ஜனவரி 27 அன்று கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்கு ‘உத்தரதேவி’ என்ற பெயரில் அதன் முதல் பயணம் தொடங்கியது. அங்கே ரயில் என்று சொல்பவர்கள் குறைவு. பலகையிலும் பத்திரிகையிலும் புகையிரதம், புகையிரத நிலையம், புகையிரதக் கடவை. டீசலுக்கு மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயரில் புகை போகவில்லை.

பெட்டியைவிட அது ஓடிய பாதையின் கதைதான் பெரியது. வடக்குப் பாதை 1905 ஆகஸ்டில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுமையடைந்தது. 1956இல் யாழ்தேவி வந்தது. யாழ்ப்பாணத்தார் கொழும்புக்கு உத்தியோகத்துக்குப் போனதும், விடுமுறைக்கு வந்ததும், மாப்பிள்ளை பார்த்ததும் அந்த வண்டியில்தான். 1985 ஜனவரியில் முறிகண்டி அருகே அது குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு வண்டி நின்றே போயிற்று. அதற்குப் பின் வவுனியாவுக்கு வடக்கே பாதை என்று ஒன்று இல்லை. தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்துப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகப் போட்டார்கள். பாதை இருந்த மேட்டில் காடு வளர்ந்தது, கண்ணிவெடி புதைந்தது. நிலையங்கள் கூரையிழந்து நின்றன. ஒரு தலைமுறைக் குழந்தைகள் ரயிலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தார்கள்.

போர் முடிந்ததும் இந்தக் காட்டுக்குள் இறங்கியது இர்கான். இதுவும் இந்திய ரயில்வேயின் நிறுவனம்தான். கண்ணிவெடி அகற்றிய இடத்தில் மண் அடித்து, ஜல்லி கொட்டி, கான்கிரீட் சிலிப்பர் போட்டு, புதிய தண்டவாளம் பதித்தார்கள். ஓமந்தை–பளை, பளை–காங்கேசன்துறை, மதவாச்சி–மடு, மடு–தலைமன்னார் என்று நான்கு துண்டுகள். மொத்தம் 250 கிலோமீட்டரைத் தாண்டும். 2013இல் கிளிநொச்சி வரை வண்டி வந்தது. 2014 மார்ச்சில் பளை. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்தேவி இருபத்து நான்கு ஆண்டு கழித்து யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் நுழைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. அந்த மார்ச்சில் மோடி தலைமன்னாரில் நின்று கொடியசைத்தார். நான்கே ஆண்டுகளில் இத்தனை. இந்தியாவில் ஒரு மேம்பாலத்துக்கு நாம் காத்திருக்கும் காலத்தை நினைத்துப் பார்த்தால், இர்கானுக்குப் பாராட்டுச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஓமந்தைக்குத் தெற்கே மட்டும் பழைய பாதை அப்படியே கிடந்தது. வடக்கே புதுத் தண்டவாளத்தில் சீறிப் பாயும் வண்டி, மாஹோவுக்கும் ஓமந்தைக்கும் நடுவே தள்ளாடித் தள்ளாடிப் போகும். அந்த 128 கிலோமீட்டரையும் இர்கானிடமே கொடுத்தார்கள். 9 கோடி டாலரைத் தாண்டிய வேலை. 2023இலும் 2024இலும் பல மாதங்கள் பாதையைத் துண்டு துண்டாக மூடி வேலை நடந்தது. உத்தரதேவி, யாழ்தேவி எல்லாம் அத்தனை காலம் வடக்கே போக முடியாமல் கிடந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று அனுராதபுரத்தில் மோடியும் இலங்கை ஜனாதிபதி திசாநாயக்கவும் அந்தப் பாதையைத் தொடங்கிவைத்தார்கள். அங்கிருந்து மோடி நேராக ராமேஸ்வரம் வந்து, அன்றைக்கே புதிய பாம்பன் பாலத்தையும் திறந்துவைத்தார். நடுவே தூக்கு விசைப் பகுதி கொண்ட, இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் பாலம். ஒரே பகலில் கடலின் இரு கரையிலும் புதிய ரயில் வேலைகள். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் விடுவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

உத்தரதேவி வடக்கே ஏறும் வழியில் மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று வரும் பெயர்களை நம் தலைமுறை நாளிதழ்ப் போர்ச் செய்திகளில்தான் படித்தது. ஆனையிறவில் இருபுறமும் தண்ணீர். பிறகு பளையின் தென்னை, கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம். அதன்பின் சுன்னாகம், தெல்லிப்பழை வழியாகப் பாதை கடலை நோக்கி நேராக ஓடி, காங்கேசன்துறையில் முடிகிறது. முருகன் சிலை ஒன்று இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய துறை இது என்பது மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலின் தலபுராணம். இந்தியச் சரக்கு வந்து இறங்குவது அந்த ஊருக்குப் புதிதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ரயில் 2015இல் அங்கே போய் நின்றபோது ஊர் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வீடுவாசலை விட்டு ஓடியவர்கள். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. பாதை போட்டு, நிலையம் கட்டி, வண்டி விட்டாயிற்று. அந்த நிலையத்தைச் சுற்றியிருந்த காணிகளுக்குச் சொந்தக்காரர்களில் பலர் அப்போதும் முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் மீனவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில்தான். இன்னும் திரும்பாத காணிகள் உண்டு. தண்டவாளம் போட நான்காண்டு போதுமானதாக இருந்தது, காணி திரும்ப இருபத்தைந்தும் முப்பதும் ஆண்டு ஆகிறது. இரு நாட்டு ஒத்துழைப்பு என்று பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்தியா பாதை போட்டதில் காட்டிய அழுத்தத்தைக் காணி விஷயத்திலும் காட்டியிருக்கலாம் என்பது யாழ்ப்பாணத்தில் பரவலாகக் கேட்கும் குறை. அதில் நியாயம் இருக்கிறது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. நம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, அதன் கடன் தவணை நின்றுவிட்டது. உதிரி பாகம் வாங்க டாலர் இல்லை. பெட்ரோல் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை. அந்த ஆண்டு இந்தியா எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் என்று பல வழிகளில் கொடுத்தது ஏறத்தாழ 400 கோடி டாலர். அந்த நாட்களில் பெட்டிக்குள் எரிந்த டீசலிலும் இந்தியக் கடன் கலந்திருக்கும். 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை தலைமை தாங்கிய கடன்கொடுத்தோர் குழுவோடு இலங்கை மறுசீரமைப்பு உடன்பாடு செய்துகொண்டது. தவணைகள் தள்ளிப்போயின. சில கடன்களை இந்தியா மானியமாகவே மாற்றிவிட்டது.

மானியமாக மாறியவற்றில் ஒன்று, ரயில் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் காங்கேசன்துறைத் துறைமுகம். போரில் மூழ்கிய கப்பல்களை இந்தியா முன்பே அகற்றிக் கொடுத்திருந்தது. துறைமுகத்தை ஆழப்படுத்தி, அலைதடுப்பைச் சீராக்கிக் கட்ட ஆகும் 6.15 கோடி டாலர் முதலில் கடனாக இருந்து 2024இல் மானியமாயிற்று. இங்கேதான் எங்கள் புதுச்சேரி கதைக்குள் வருகிறது. இந்தத் துறைமுகத்துக்கு இந்தியாவிலிருந்து பயணிகள் கப்பல் விடுவது என்று பேச்சு எழுந்தபோது முதலில் அடிபட்ட பெயர் புதுச்சேரிதான். 2023 ஜனவரி நடுவில் தொடங்கும் என்றார் அன்றைய இலங்கைத் துறைமுக அமைச்சர். பிறகு காரைக்கால் என்றார்கள், ஏப்ரல் என்றார்கள். காரைக்கால் நம் ஒன்றியப் பிரதேசத்தின் பகுதி என்பதால் இங்கே ஒரு சந்தோஷம் இருந்தது. கடைசியில் கப்பல் கிளம்பியது காரைக்காலுக்கு இருபது கிலோமீட்டர் தெற்கே, நாகப்பட்டினத்திலிருந்து.

2023 அக்டோபர் 14. கப்பலின் பெயர் செரியபாணி, 150 இருக்கை, லட்சத்தீவில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை மணி நேரத்தில் காங்கேசன்துறை. பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருந்தது. வடகிழக்குப் பருவமழை எப்போது இறங்கும் என்று நாகப்பட்டினத்தில் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஒரு வாரத்துக்குள் சேவை நின்றது. மறு வருடம் ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு ஒரு தனியார் நிறுவனம் மீண்டும் தொடங்கியது. சாதாரண இருக்கை 5,000 ரூபாய், சிறப்பு இருக்கை 7,500. மழைக்காலத்தில் அதுவும் நின்று, 2025 பிப்ரவரி 22இல் மறுபடி கிளம்பியது. கட்டணம் ஏறிவிடாமலிருக்க இந்திய அரசு மாதந்தோறும் இலங்கைப் பணத்தில் 2.5 கோடி ரூபாய்க்கு மேல் செலவை ஏற்றுக்கொண்டது. இதற்கு முன் 2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பலும் ஜூனில் தொடங்கி நவம்பரில் நின்ற வண்டவாளம் உண்டு.

விமானம் இருக்கிறதே என்பார்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் கப்பலை எதிர்பார்ப்பவர் வேறு ஆள். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஒரு குடும்பம் ஊர் திரும்ப நினைத்தால், தையல் இயந்திரமும் பாத்திரமும் பிள்ளைகளின் புத்தகமும் விமானத்தின் எடைக்கணக்கில் அடங்காது. இரு கரைக்கும் துணிமணி கொண்டுபோய் விற்றுப் பிழைக்கும் குருவிகளுக்கும் அதே நிலை. முதலில் 60 கிலோ வரை இலவசமாக எடுத்துப்போகலாம் என்றிருந்ததை 2025இல் 10 கிலோவாகக் குறைத்தபோது அடிபட்டது இவர்கள்தான்.

கதிர்காமம் இருக்கும் தெற்கே என்ன ஆயிற்று? 2004 சுனாமி கடலோரப் பாதையைப் பிய்த்துப் போட்டது. பெரலியவில் ஒரே ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பின்னர் காலி–மாத்தறைப் பாதையைப் புதுப்பித்ததும் இந்தியக் கடனில் இர்கான்தான். மாத்தறைக்கு அப்பால் பெலியத்த வரை சுமார் 27 கிலோமீட்டர் புதுப் பாதையைச் சீனக் கடனில் சீன நிறுவனம் போட்டு, 2019 ஏப்ரல் 8 அன்று திறந்தார்கள். உத்தரதேவி ஓடத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பாதை அம்பாந்தோட்டை வழியாகக் கதிர்காமம் வரை போக வேண்டும் என்பதே திட்டம். பெலியத்தவோடு நின்றுவிட்டது. ஆக, காங்கேசன்துறையிலிருந்து பெலியத்த வரை ஒரே அகலத்தில் தொடர்ச்சியான தண்டவாளம் இருக்கிறது. வடக்கில் இந்தியா, தெற்கு நுனியில் சீனா, நடுவே ஆங்கிலேயர் விட்டுப்போனது. பேரரசுகளின் கடன் கணக்கைத் தண்டவாளத்தை வைத்தே படித்துவிடலாம். கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்குப் போகும் பக்தர்கள் அந்த முனையில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கிளம்பும் பாதயாத்திரைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கிழக்குக் கரையோரமாக நடந்து, யால காட்டைக் கடந்து போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் ரயில் பாதைகளைப் பல இடங்களில் அரித்துக் கொண்டுபோயிற்று. டிசம்பரில் இந்தியா 45 கோடி டாலர் உதவியை அறிவித்தது. அதில் 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி மானியம். மறுபடியும் மண் அடிக்க வேண்டும், மறுபடியும் ஜல்லி கொட்ட வேண்டும். பெரம்பூர்ப் பெட்டிக்குச் சொல்லப்படும் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு. அதற்குள் அது ஒரு திவாலையும் ஒரு பெரும்புயலையும் பார்த்துவிட்டது.

இந்தக் கதையைத் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுண்டு. கட்டும் வேலையில் இரண்டு அரசுகளும் சோடை போகவில்லை. பெட்டி வந்தது, பாதை வந்தது, துறைமுகமும் வரும். தவறிக்கொண்டே இருப்பது நாள் தவறாமல் ஓட்டும் வேலை. கொடியசைக்கும் தேதிக்கு இருக்கும் அவசரம், அடுத்த ஐப்பசிக்கான ஏற்பாட்டில் இல்லை. பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. கப்பல் நூறாவது தடவை போய்வந்ததற்கு யாரும் விழா எடுப்பதில்லை, அதனால் அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

புதுச்சேரி அரசுக்கும், எங்கள் கதிர்காமம் உட்பட முப்பது தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரைக்கால் பெயர் அறிவிப்பில் வந்து நழுவிப்போனது உங்கள் காலத்தில்தான். நாகப்பட்டினத்தோடு போட்டி போடச் சொல்லவில்லை. ஒரு துறைமுகம் மூடும் நாளில் இன்னொன்று தாங்கும்படி இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தில்லியில் கேட்கும்போது இன்னொரு தொடக்க விழாவைக் கேட்காதீர்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஓடக்கூடிய கப்பலைக் கேளுங்கள், அதில் ஆளுக்கு ஐம்பது கிலோவாவது சாமான் அனுமதியையும் கேளுங்கள்.